மாமா விழாத பைக்

என் அக்கா புருஷனுக்கு சைக்கிள்கூட ஓட்ட வராது. அப்படிப்பட்டவரை மோட்டார் பைக்கிலிருந்து தள்ளி மண்டையை உடைத்தவள் நான். கையால் தள்ளவில்லை. ஆஸ்பத்திரி மேசையில் இரவல் வாங்கிய பேனாவால், பிழையில்லாத ஆங்கிலத்தில் தள்ளினேன். (கையெழுத்து வேறு அன்றைக்கு முத்து முத்தாக வந்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.)

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ கொலைகாரி என்று நினைத்துவிடுவீர்கள். நான் மெடிக்கல் கோடர். அமெரிக்காவில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால், அந்த ஊர் டாக்டர் எழுதும் குறிப்பு கம்ப்யூட்டர் வழியாக சென்னைக்கு வரும். ஒரு கண்ணாடிக் கட்டிடத்தில் ஏசி குளிரில் உட்கார்ந்து நான் அதைப் படிப்பேன். என்ன அடி, எந்த இடம், என்ன ஆபரேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போடுவேன். அந்த எண்களைப் பார்த்துதான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். எனக்கு ஒதுக்கியிருந்தது மண்டையும் மூளையும். எலும்பில் வெறும் விரிசலா, உள்ளே அமுங்கிவிட்டதா, நொறுங்கிவிட்டதா, மூளையின் மேலுறை கிழிந்ததா என்று ஒவ்வொன்றுக்கும் வேறு எண், வேறு பணம். எத்தனையோ அமெரிக்க மண்டைகளைப் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

எங்கள் கோடு புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அடி எப்படிப் பட்டது என்பதற்கான எண்கள் அங்கே இருக்கும். வாத்து கடித்தால் அதற்கு ஒரு எண். ஆமை மோதினால் அதற்கு ஒரு எண். கோழிக்கூண்டுக்குள் விழுந்தால் அந்த இடத்துக்கு ஒரு எண். அடிபட்ட நேரத்தில் அந்த ஆள் சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தாரா என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது. எதுவுமே தெரியாவிட்டால் ‘அன்ஸ்பெசிஃபைடு’, அதாவது விவரம் இல்லை என்று ஒரு எண். அதைப் போட்டால் எங்கள் டீம் லீடரின் முகம் கறுத்துவிடும். விவரம் இல்லாத கிளெய்ம் திரும்பி வரும் என்று தினமும் ஓதினார்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது நான்தான். சர்ச்சில் யாராவது எழுந்து, ‘நான் விழுந்து கிடந்தேன், கர்த்தர் தூக்கிவிட்டார்’ என்று சாட்சி சொன்னால், எங்கே விழுந்தீர்கள், வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்க எனக்கு வாய் துடிக்கும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய எங்கள் காலனியில் கோடிங் என்றால் யாருக்கும் புரியாது. “ஷீபா மெடிக்கல்ல கீது” என்று மட்டும் தெரியும். கழுத்தில் நான் மாட்டியிருந்த நீலநிற டேக் மீதியைப் பார்த்துக்கொண்டது. சுகர் ரிப்போர்ட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். நான் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ‘ம்’ என்பேன். அந்த ‘ம்’முக்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்த ‘ம்’முக்கு நல்ல மரியாதை இருந்தது.

இப்படி நான் பாதி டாக்டராக வாழ்ந்துகொண்டிருந்தபோதுதான் அக்கா புருஷன் தேவராஜ் மாமாவுக்கு அடிபட்டது. மாமா சிப்காட்டில் இரும்புக் கம்பி செய்யும் ஒரு ரோலிங் மில்லில், கான்ட்ராக்டர் பாபு என்பவரின் கீழ் லோடிங் வேலை செய்தார். கிரேன் தூக்கிய கம்பிக்கட்டிலிருந்து இரும்புக் கொக்கி கழன்று, ஊசலாடி வந்து, அவர் வலது காதுக்கு மேலே அடித்தது. அவர் தலையில் ஹெல்மெட் இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும் அங்கே ஹெல்மெட் கொடுப்பார்கள், போனதும் எண்ணி வாங்கிக்கொள்வார்கள்.

பாபு அவரைத் தன் காரிலேயே ஏற்றி, வழியில் இருந்த ஆஸ்பத்திரிகளையெல்லாம் தாண்டி, திருவள்ளூரில் தனக்குத் தெரிந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆபீஸிலிருந்து நான் ரயில் பிடித்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, எஸ்தர் அக்கா வராண்டாவில் ரத்தக்கறைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நைனா, எங்கள் அப்பா, சுவரைப் பார்த்து நின்றிருந்தார். மண்டை எலும்பு நொறுங்கி உள்ளே அமுங்கியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்து தூக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் ஸ்பெஷாலிட்டி. அந்த எண் சட்டென்று என் தலைக்குள் வந்து நின்றது. மாமாவின் முகம் அதற்கப்புறம்தான் வந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாபு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீதான் மெடிக்கல்ல கீறியாமே? உனக்குச் சொன்னா புரியும். தேவராஜுக்கு ஈ.எஸ்.ஐ. கார்டு இன்னும் வரலம்மா.”

“மாசாமாசம் சம்பளத்துல புடிக்கிறீங்களே அண்ணா?”

“புடிக்கிறோம், கார்டு வரல. அத்த வுடு. நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஆக்சிடென்ட் பாலிசி போட்டு வச்சிக்கீறேன். எங்க வியுந்தாலும் டப்பு வந்துடும். கம்பெனிக்குள்ள மட்டும் வியக் கூடாது, கார்டு இல்லாதது வெளிய வந்துடும். வேற எங்கனா வியுந்தாருன்னு எய்திக் குடு, நான் கையெய்த்து போட்டுர்றேன்.”

உண்மையை எழுத வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் இப்போது தினமும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு மாமா உள்ளே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாபு கையெழுத்து போட்டால் பாலிசி, பாலிசி இருந்தால் ஆபரேஷன். அக்கா என் டேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நீ பாத்துக்குவ இல்ல ஷீபா?” என்றாள். நான் பார்த்துக்கொண்டேன்.

இன்சூரன்ஸ் மேசையில் பிரேமா என்ற பெண் இருந்தார். என் வயதுதான். முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார்.

“தடுக்கி வியுந்துட்டாருன்னு எய்திடுங்க மேடம். அவ்ளோதான். ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அங்கேதான் எனக்குள் இருந்த கோடர் சிலிர்த்துக்கொண்டு எழுந்தாள். தடுக்கி விழுந்தாரா? எதில் தடுக்கி? எந்த இடத்தில்? என்ன செய்துகொண்டிருந்தபோது? இது அப்பட்டமான அன்ஸ்பெசிஃபைடு அல்லவா? இப்படி ஒரு கிளெய்மை என் டீம் லீடரிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? திருவள்ளூரில் ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பெண்ணுக்கு அமெரிக்க ஸ்டாண்டர்டு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். (நினைத்ததோடு நிற்கவில்லை. “எங்க கம்பெனில இத ஒத்துக்க மாட்டாங்க” என்று வாய்விட்டும் சொன்னேன். பிரேமா பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.)

மண்டை அமுங்கும் அளவுக்கு அடிபட வேண்டுமானால் பைக்தான் சரி என்று முடிவு செய்தேன். பைக் என்றதும் எங்கள் புத்தகத்தில் ஒரு தலைப்பு நினைவுக்கு வந்தது: பைக் ஓட்டியவர், மனிதர் மீதோ விலங்கு மீதோ மோதிக் காயம். மனிதர் என்றால் அவர் யார், எங்கே என்று கேள்வி வரும். அதனால் விலங்கு. இப்படித்தான் அந்த நாய் பிறந்தது.

நான் எழுதியதன் சாரம் இது: நோயாளி பொன்னேரி மார்க்கெட்டில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு, மாமனாரின் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். இடப்புறமிருந்து பழுப்பு நிற நாய் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. அதைத் தவிர்க்க முயன்று, சாலையோர மைல்கல்லில் தலையின் வலப்பக்கம் மோத விழுந்தார். கத்திரிக்காய் யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. அடிபடும்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்கு அதுதான் பதில். சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார் என்ற ஒன்றை மட்டும் அந்த ஆளிடமிருந்து எடுத்துவிட்டேன்.

அக்கா தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“இன்னாடி எய்திக்கினு கீற?”

படித்துக் காட்டினேன்.

“அய்யே, மாமாவுக்கு வண்டியே ஓட்ட வராதேடி! சர்ச்சுக்குக்கூட நைனா பின்னாடி ஒக்காந்துக்கினு போற ஆளு.”

“அது பேப்பர்ல இல்லக்கா. பேப்பர்ல இல்லாதது நடக்காதது மாதிரி. இன்சூரன்ஸ்ல அப்டித்தான்.”

அக்கா போய் உட்கார்ந்தாள். படித்த தங்கச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். எங்கள் வீட்டில் இந்த வியாதி ரொம்ப நாளாக இருக்கிறது.

இன்சூரன்ஸிலிருந்து முதல் அனுமதி வந்துவிட்டது. என் மிதப்பைக் கேட்க வேண்டுமா? எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். மாமாவைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். அக்கா ஜெபம் செய்துகொண்டிருந்தாள். நான் மனதுக்குள் ஆபரேஷனுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன். நொறுங்கிய எலும்பை வெறுமனே தூக்கிச் சேர்த்தால் ஒரு எண். அடியில் மூளையின் மேலுறை கிழிந்திருந்து அதையும் தைத்தால் இன்னும் பெரிய எண், இன்னும் அதிகப் பணம்.

கதவு திறந்து சர்ஜன் வெளியே வந்தார். அவர் முகத்தைத் துடைப்பதற்குள் நான் முன்னால் போய் நின்றேன்.

“சார், மேலுறை கிழிஞ்சிருந்துச்சா? தச்சீங்களா?”

“நீங்க டாக்டரா?”

“இல்ல சார், கோடர்.”

அவருக்கு அது என்ன ஜாதி என்று புரியவில்லை. “பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?” என்றார்.

“மச்சினி சார்.”

“மச்சினின்னா, ஆளு உயிரோட இருக்காரான்னு மொதல்ல கேளுங்கம்மா.”

வராண்டாவில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பாட்டில் குளுக்கோஸோடு நடந்துகொண்டிருந்த நோயாளிகூட நின்று பார்த்தார். சர்ஜன் என்னைச் சுற்றிக்கொண்டு அக்காவிடம் போய், பிழைத்துக்கொள்வார் என்றார். அக்கா அவர் காலில் விழப்போனாள். எனக்கு பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. (மேலுறை கிழிந்திருந்ததா என்று அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.)

சாலை விபத்து என்று எழுதியதால் போலீஸுக்குத் தகவல் போனது. இதையும் நான் யோசித்திருக்கவில்லை. என் அமெரிக்க மண்டைகளுக்குப் பின்னால் எந்த போலீஸும் என்னைத் தேடி வந்ததில்லை. ஒரு ஏட்டு வந்து குறித்துக்கொண்டு, வண்டியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி நைனாவுடையது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் முன் அதைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அவர் குளிப்பார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டு வாசலில் நின்று வண்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இதுலேர்ந்து வியுந்தா மண்ட ஒடையும், வண்டிக்கு மட்டும் ஒண்ணும் ஆவாதா?”

அப்புறம் வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் காம்பவுண்டு சுவரில் சாய்த்து உரசினார். முதலில் மெதுவாக, அதற்கு வலிக்குமோ என்பதுபோல. நான் போதாது என்றேன். கண்ணை மூடிக்கொண்டு பலமாக உரசினார், ஒரு பக்கக் கண்ணாடி உடைந்து விழுந்தது. அம்மா செத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற மனுஷன், அன்றைக்குச் சுவர்மேல் கை வைத்துக்கொண்டு அழுதார். நான் கீறல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவுக்கு நினைவு தெளிந்தது. தலையில் பெரிய கட்டு, முகம் வீங்கி, இடது கை துணிபோலக் கிடந்தது. அடிபட்ட நாளிலிருந்து எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. முந்தின நாள் சாப்பிட்ட கருவாட்டுக் குழம்புதான் கடைசி. அதற்கப்புறம் கட்டில்தான்.

“ஷீபா, எனக்கு இன்னாம்மா ஆச்சு?” என்று என்னைத்தான் கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போனேன்.

“இன்சூரன்ஸ்லேர்ந்து ஆள் விசாரிக்க வரப்போறாங்கக்கா. மண்டைல அடிபட்டவரு. ரெண்டு கதை சொன்னா ஒண்ணோட ஒண்ணு கொழப்பிடுவாரு. ஒண்ணு போதும்.”

“ஆனா அவருக்காச்சும் நெஜம் தெரிய வேணாமாடி?”

“அப்புறம் சொல்லிக்கலாம்” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான வார்த்தை எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

தினமும் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினேன்.

“மாமா, எங்க போய்க்கினு இருந்தீங்க?”

“பொன்னேரி மார்க்கெட்லேர்ந்து ஊட்டுக்கு.”

“இன்னா வாங்குனீங்க?”

“கத்திரிக்கா.”

“நாய் எந்தப் பக்கம் வந்துச்சு?”

“எடது.”

“இன்னா கலரு?”

“பழுப்பும்மா.” கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு காது ஒடிஞ்சி தொங்கிக்கினு இருந்துச்சி” என்றார்.

காது நான் எழுதாதது. எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். மாறாக, “சூப்பர் மாமா, டீடெயில் பின்றீங்க!” என்று தட்டிக்கொடுத்தேன்.

விசாரணைக்கு வந்தவர் நடுத்தர வயது ஆள், சாதுவாக இருந்தார். மாமா மூச்சு விடாமல் ஒப்பித்தார். நாய் வந்தது, காது தொங்கியது, மைல்கல் வெள்ளையாக இருந்தது எல்லாம் சொன்னார். வந்தவர் ரசித்துக் கேட்டுவிட்டு லைசென்ஸைக் கேட்டார்.

“லைசென்ஸ் இல்லீங்க சார்.”

“சரி. கியரை எப்படிப் போடுவீங்க?”

மாமா ஆரோக்கியமான வலது கையைத் தூக்கி, பஸ் டிரைவர்போல முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார்.

வந்தவர் ஃபைலை மூடினார். வெளியே வந்ததும் என்னிடம், “எழுதுனது நீங்களா?” என்றார். தலையாட்டினேன். “தடுக்கி விழுந்தாருன்னு ஒரு வரி எழுதியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்மா” என்றார். நல்ல மனுஷன், திட்டக்கூட இல்லை. பின்னால் பிரேமா மேசையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தவே இல்லை.

லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியதால் கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. நான் பாபுவுக்கு போன் செய்தேன்.

“பைக்ல வியுந்ததுக்கு நான் இன்னாம்மா பண்றது?”

“கம்பெனின்னு எய்தாதன்னு நீங்கதானே அண்ணா சொன்னீங்க?”

“வேற எங்கனா வியுந்தாருன்னு எய்தச் சொன்னேன். பைக்க நான் சொன்னேனா? நாய நான் சொன்னேனா? நீதான கொண்டாந்த?”

அந்த ஆள் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவர் போனை வைத்துவிட்டார். பொன்னேரிப் பக்கம் அக்கா தன் பெண் குழந்தைக்காகக் குருவி சேர்ப்பதுபோலச் சேர்த்து வாங்கிப்போட்டிருந்த மனையை விற்று ஆஸ்பத்திரி பில்லைக் கட்டினோம். மாமாவின் இடது கை முழுதாக எழும்பவில்லை, வெயிலில் நின்றால் தலை சுற்றியது. மில்லில் திரும்பி எடுக்கவில்லை. இப்போது ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். நாளெல்லாம் அடுத்தவர் பைக்குகளைக் காவல் காக்கிறார்.

கொஞ்சம் ஆறிய பிறகு, யூனியன்காரர் ஒருவர் அக்காவைத் தேடி வந்தார். வேலையில் அடிபட்டதற்கு இழப்பீடு கேட்டு மனு போடலாம் என்றார். ஆஸ்பத்திரி பேப்பர் எதிராக இருக்கிறது, ஆனாலும் பக்கத்தில் நின்ற ஒரு தொழிலாளி சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருக்கிறார், தேவராஜும் நடந்ததைச் சொன்னால் தொழிலாளர் துறை அதிகாரி கேட்பார் என்றார். எங்களுக்கு இருந்த ஒரே வழி அதுதான். கை போன மனுஷனுக்கும் அவர் பெண் குழந்தைக்கும் அது கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அன்றைக்குத்தான் மாமாவை உட்காரவைத்து நிஜத்தைச் சொன்னோம். கொக்கி, கிரேன், பாபுவின் கார், நான் எழுதியது, எல்லாவற்றையும் சொன்னோம். மாமா பொறுமையாகக் கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

“நமக்குக் கஷ்டம்தான் எஸ்தர். அதுக்காவ பொய் சொல்லலாமா?”

“யோவ், இதான்யா நெஜம்!”

“எனக்குத் தெரியாதா? நான்தான வியுந்தேன்? அந்த நாயி இன்னும் கண்ணுலயே நிக்கிது.”

“அந்த நாய நான்தான் மாமா எழுதுனேன்” என்றேன்.

“நீ காத எழுதுனியா?” என்று கேட்டார்.

நான் எழுதவில்லை.

யூனியன்காரர் கெஞ்சினார், அக்கா அழுதாள், நைனா பைக்கில் உரசிய கீறலைக் காட்டி எப்படி வந்தது என்று விளக்கினார். கடைசியில் மாமா, “சரி, வரேன்” என்றார். ஒத்துக்கொண்டார் என்று நினைத்தோம்.

திருவள்ளூரில் விசாரணை. அதிகாரி நிதானமானவர். பாபுவின் வக்கீல் என் கையெழுத்திலிருந்த காகிதத்தை நீட்டினார். இத்தனை நாள் கழித்தும் அது அழகாகத்தான் இருந்தது. அதிகாரி அதை ஓரமாக வைத்துவிட்டு மாமாவைப் பார்த்து, “பேப்பர் கிடக்கட்டும். பயப்படாம நீங்க சொல்லுங்க, என்ன நடந்துச்சு?” என்று கேட்டார். அதைவிட நியாயமாக யாரும் கேட்டிருக்க முடியாது.

மாமா மை ஒட்டிய கட்டை விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

“சார், நான் பொன்னேரி மார்க்கெட்டுல கத்திரிக்கா வாங்கிக்கினு வண்டில வந்துக்கினு இருந்தேன். எடது பக்கத்துலேர்ந்து நாயி குறுக்க வந்துடுச்சி. மில்லுல அடிபட்டுதுன்னு சொல்லச் சொல்றாங்க சார். ஊட்டுல கஷ்டம், அதான். அவங்கமேல கோச்சிக்காதீங்க. ஆனா அது பாவம் சார், என்னால முடியாது.”

“மாமா, அது நான் எழுதுனது!” என்று நான் எழுந்து கத்தினேன்.

“உட்காருங்கம்மா. சாட்சிக்குச் சொல்லிக் குடுக்காதீங்க” என்றார் அதிகாரி.

பாபு தலையைக் குனிந்துகொண்டார். அழுவதுபோல இருந்தது, சிரித்தார் என்று பிறகு யூனியன்காரர் சொன்னார். சாட்சி சொல்ல வந்திருந்த தொழிலாளி, மாமா பேசியதைக் கேட்டதும் எழுந்து வெளியே போனவர்தான். மனு அத்தோடு முடிந்தது. வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொல்லாத மனுஷன், அன்றைக்கும் சொல்லவில்லை. அவருடைய நேர்மை முழுவதையும் நான் திருடி பாபுவின் கையில் கொடுத்திருந்தேன்.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் இப்போது சிரித்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். வேறு என்ன செய்வது? யாருக்காவது கால் தடுக்கினால், “ஷீபாகிட்ட சொல்லாத, நாய இட்டாந்துடுவா” என்பார்கள். கல்யாண வீடுகளில் மாமாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். வருஷத்துக்கு வருஷம் நாய் வளர்கிறது. இப்போது அதற்கு ஒரு கால் நொண்டி. மைல்கல்லில் பொன்னேரிக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுகூட மாமாவுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸ் அன்று அக்கா பிரியாணி செய்வாள். முதல் டப்பாவை மாமாவே தன் ஒற்றைக் கையால் நிரப்புவார். அது பாபுவுக்கு. வேண்டாம் என்று அக்கா பாத்திரத்தை உருட்டுவாள். மாமா கேட்க மாட்டார். “எங்கியோ ரோட்டுல வியுந்தவன அவரு கார்ல போட்டு ஆஸ்பத்திரில சேத்தாரு. அவருக்கு இன்னா தலையெழுத்தா?” என்பார். பாபுவும் ஒரு கூச்சமும் இல்லாமல் வாங்கிக்கொள்வார். போன வருஷம் லெக் பீஸ் குறைவு என்றார்.

கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். என்னிடம்தான் ஸ்கூட்டி இருக்கிறது. நான் மறுப்பதில்லை. எந்த முகத்தோடு மறுப்பது? டப்பாவைக் காலடியில் வைத்து வண்டியைக் கிளப்பும்போது மாமா கேட் வரைக்கும் வருவார். சொரசொரவென்று பள்ளம் விழுந்த அந்த வலப்பக்கத் தலையைத் தடவிக்கொண்டு, “பாத்துப் போம்மா. நாய் குறுக்க வரும்” என்பார்.

வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமா சிரிக்க மாட்டார். நான் தெரு திரும்பும்வரை கவலையோடு பார்த்துக்கொண்டே நிற்பார்.